பயந்து பயந்து தட்டிய கதவுகள்

சபுரா டீச்சரைத் தைரியசாலி என்று யாராவது புகழ்ந்தால் அவளுக்கு எரிச்சல்தான் வரும். தாராவியில் அப்படி ஒரு பெயர் அவளுக்கு எப்படியோ விழுந்துவிட்டது. உண்மை என்னவென்று அவளுக்கல்லவா தெரியும்? சின்ன வயதிலிருந்தே அவள் பயந்த சுபாவக்காரி. ரயிலில் ஏறினால் இறங்க வேண்டிய ஸ்டேஷனில் கூட்டம் இறங்க விடாதோ என்று பயம். ஜூன் மாதம் வானம் கறுத்தால் சாக்கடை பொங்கி வீட்டுக்குள் வந்துவிடுமோ என்று பயம். அவள் படித்ததே பயத்தினால்தான். அந்தக் காலத்தில் அவர்கள் சந்தில் பெரிய மனுஷியான பெண்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிப்பார்கள். முன்பின் தெரியாத ஒருவனோடு முன்பின் தெரியாத ஊருக்குப் போக வேண்டியிருக்குமே என்று நடுங்கித்தான் அவள் புத்தகத்தை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய வாப்பா முகைதீன் தென்காசிப் பக்கத்திலிருந்து தோல்ஷாப்பு வேலைக்கு பம்பாய் வந்தவர். பச்சைத் தோலை உப்பிலிருந்து எடுத்து அலசுகிற வேலை. மகளுக்கு மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்தபோது அவருக்கு நம்பவே முடியவில்லை. முதல் நாள் அவளைப் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, சாயந்திரம்வரை எதிரிலிருந்த டீக்கடையிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தப் பயந்த சுபாவம் எங்கிருந்து வந்தது என்று சபுராவுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் அவளுக்கு. இட்லி சுட்டு விற்கிறவர்கள், தோல் வெட்டுகிறவர்கள், குப்பை அள்ளுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஒரு பிள்ளை சேர்ந்தாற்போல் வரவில்லையென்றால் அவளுக்குச் சோறு இறங்காது. தண்டவாளத்தைத் தாண்டும்போது ஏதும் ஆகியிருக்குமோ, திறந்து கிடந்த சாக்கடையில் விழுந்திருக்குமோ என்று மனம் கண்டதையும் நினைக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவாள். பெரும்பாலும் அந்தப் பிள்ளை ஊருக்குப் போயிருக்கும், அல்லது தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நிறுத்தியிருப்பார்கள். அவளுக்கு உயிர் வந்துவிடும். கூடவே உட்கார்ந்து, பேசி, நாளைக்கே அனுப்பிவைக்கிறோம் என்ற வார்த்தையையும் வாங்கிக்கொண்டு வருவாள். கடமை தவறாத டீச்சர் என்றார்கள். ஒரு நாளும் அவள் அதைக் கடமை என்று நினைத்ததில்லை. ஆனால் இப்படித் தட்டித் தட்டியே அந்தப் பக்கத்துச் சந்து பொந்தெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது.

கணவர் சிராஜ் இரண்டு தையல் மிஷின்களை வைத்துக்கொண்டு தோல் பை தைக்கிற பட்டறை நடத்தினார். பரீஹா என்று ஒரே மகள். இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தொண்ணூற்றிரண்டு டிசம்பர் வந்தது.

அன்று திங்கட்கிழமை. எங்கேயோ வடக்கில் மசூதியை இடித்ததைப் பற்றி முந்தின நாளே ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நேரத்திலேயே பெற்றோர்கள் ஒவ்வொருவராக ஓடிவந்து பிள்ளைகளை அழைத்துப்போனார்கள். வெளியே கடை ஷட்டர்கள் விழுகிற சத்தம். மத்தியானத்துக்குள் கிழக்குப் பக்கம் புகை எழுந்தது. யாரும் வந்து கூட்டிப்போகாத பிள்ளைகள் சிலபேர் மிச்சம் இருந்தார்கள். தலைமையாசிரியர் சுந்தரராமன் மாட்டுங்காவிலிருந்து வருகிறவர். டெலிபோனைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அது செத்துக் கிடந்தது. பிள்ளைகளைப் பள்ளியிலேயே வைத்துப் பூட்டிக்கொள்ளலாம் என்றார் அவர். பள்ளிக்கூடத்துக்கு நெருப்பு வைத்தால் என்ன செய்வது என்று சபுரா கேட்டாள். கடைசியில் பாதிப் பிள்ளைகளை அவர் ஒரு பக்கமும் மீதிப் பிள்ளைகளை அவள் மறுபக்கமும் கொண்டுபோய் விடுவதென்று முடிவாயிற்று.

பிள்ளைகளை ஒருவர் கையை ஒருவர் பிடிக்கச் சொல்லி அவள் முன்னால் நடந்தாள். வரிசையில் முதல் பிள்ளை பேச்சிராஜா. இட்லிக்காரர் வீட்டுப் பையன், இரண்டாம் வகுப்பு. அவனை மட்டும் தன் இடது கையில் பிடித்துக்கொண்டாள். கை வியர்த்து வழுக்கியது.

முதல் முக்கில் கம்புகளோடு ஆட்கள் நின்றார்கள். ஒரு முகமும் அவளுக்குத் தெரிந்த முகமில்லை. ஒருவன் வழியை மறித்து, பெயர் என்னவென்று இந்தியில் கேட்டான். அவள் எல்லா டீச்சர்களையும்போலப் புடவைதான் கட்டியிருந்தாள். ஆனால் நெற்றியில் பொட்டு இல்லை. வேறொரு பெயரைச் சொல்லிவிடலாமென்று நினைத்தாள். ஒரு பெயரும் வரவில்லை. அவன் அவளை விட்டுவிட்டுக் குனிந்து பேச்சிராஜாவிடம் கேட்டான்.

“மேடம் கா நாம் க்யா ஹை?”

பையன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு அவனைப் பார்த்து, “டீச்சர்” என்றான்.

பெயரைச் சொல்லு, பெயரைச் சொல்லு என்று அவன் அதட்டினான். பையனுக்கு அழுகை முட்டியது. “டீச்சர்தான்” என்றான் மறுபடியும். அவன் பொய் சொல்லவில்லை. அவளுக்கு வேறொரு பெயர் உண்டென்பதே அவனுக்குத் தெரியாது. பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். குழந்தைகளை விடுங்கப்பா என்றார் வேறொருவர். வழி விட்டார்கள். அவள் ஓடவில்லை. ஓடினால் கால் மடங்கி விழுந்துவிடுவோம் என்று பயந்து மெதுவாகவே நடந்தாள்.

இரண்டு சந்து தாண்டினால் இன்னொரு முக்கு. அங்கே நின்றவர்கள் அவளுடைய சனம். இரண்டு மூன்று முகங்களைத் தொழுகை முடிந்து வரும்போது பார்த்திருக்கிறாள். அவர்கள் பிள்ளைகளின் பெயரைக் கேட்டார்கள். சற்றுமுன் தனக்காகப் பயந்த பயம் ஒன்றுமேயில்லை என்று தோன்றியது. இங்கே அவளுக்கு ஆபத்தில்லை. பின்னால் கைகோத்துச் சங்கிலியாக நிற்கிற பிள்ளைகளுக்குத்தான்.

“நான் தோல்ஷாப்பு முகைதீன் மக சபுரா. பட்டற சிராஜ் பொண்டாட்டி” என்றாள். குரல் கீச்சென்று வந்தது. “இதுக எல்லாம் எம் பிள்ளைய. பேர் கேக்காதீங்க.”

ஒரு வயதானவர் போகச் சொல்லித் தலையசைத்தார்.

ஒவ்வொரு பிள்ளையையும் அதனதன் வீட்டில் விட்டாள். கடைசியாகப் பேச்சிராஜாவை விட்டபோது, திரும்பிப் போக அவளால் முடியவில்லை. ஊரடங்கு தளரும்வரை அந்த வீட்டில், அடுக்கி வைத்த இட்லிக் கொப்பரைகளுக்கு நடுவில் சுருண்டு கிடந்தாள். சிராஜும் பரீஹாவும் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியவில்லை. இருந்தார்கள். பட்டறைதான் எரிந்துபோயிருந்தது.

நம் ஆட்கள் நிறைய இருக்கிற இடமாகப் பார்த்துப் போய்விடலாம் என்று சிராஜ் சொன்னார். சொந்தக்காரர்கள் பலரும் அப்படிப் போனார்கள். சபுரா மறுத்துவிட்டாள். அதையும் தைரியம் என்றார்கள். புது இடத்தில் ஆபத்தென்றால் எந்தக் கதவைத் தட்டுவது என்று அவளுக்குத் தெரியாது. இங்கே தெரியும். அவ்வளவுதான் காரணம்.

அதற்குப் பிறகு அமைதிக் குழு என்று ஒன்று ஏற்பட்டபோது அவளையும் அதில் சேர்த்தார்கள். பண்டிகை ஊர்வலங்கள் போகும்போது அவளும் நாலைந்து பெண்களும் சந்து முனையில் நிற்பார்கள். மேளச் சத்தம் நெருங்க நெருங்கப் பக்கத்தில் நிற்கிறவளின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். போலியோ சொட்டு மருந்து கொடுக்க வீடு வீடாகப் போவாள். சாயந்திரங்களில் தன் வீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகும் இது நிற்கவில்லை. சிராஜ் மாரடைப்பில் போனார். பரீஹா கல்யாணமாகித் தாணேயில் குடியேறினாள். உம்மாவையும் வரச்சொல்லிக் கேட்டுப் பார்த்து அலுத்துவிட்டாள்.

இரண்டாயிரத்து இருபதில் நோய் வந்தது.

தாராவி என்ற பெயரை டிவியில் சொல்லும்போதே சபுரா சத்தத்தைக் குறைத்துவிடுவாள். கோலி என்கிற ஒரு சின்ன அறையில் எட்டுப் பேர், ஒரே கக்கூசுக்கு ஒரு சந்தே வரிசை. இங்கே வந்தால் என்ன ஆகும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது. பரீஹா தினமும் போன் செய்து, வாசல்படி தாண்டக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். சபுரா சந்தோஷமாகச் சத்தியம் செய்துகொடுத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, அரிசியையும் சோப்புப் போட்டுக் கழுவலாமா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒருநாள் காலையில் நுஸ்ரத் வந்தாள். சுகாதார வேலைக்காக மாநகராட்சி அமர்த்திய பெண். தலைமுதல் கால்வரை வெள்ளைப் பிளாஸ்டிக் உடுப்பு. அந்த வெயிலில் உள்ளே அவள் அவிந்துகொண்டிருந்தாள். காய்ச்சல் இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்கப் போனால் ஒருவரும் கதவைத் திறப்பதில்லையாம். கேட்ட குரல் என்றால் திறப்பார்கள், டீச்சர் வந்து வெளியே நின்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும் என்றாள்.

முடியாது என்றாள் சபுரா. தனக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது, சர்க்கரை வேறு இருக்கிறது என்றாள். நுஸ்ரத் வற்புறுத்தவில்லை. சபுரா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

ஆனால் கதவுக்கு இந்தப் பக்கமும் சத்தம் கேட்டது. நுஸ்ரத் அடுத்த வீட்டைத் தட்டினாள். பதில் இல்லை. அதற்கடுத்த வீடு. உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, தட்டியதும் நின்றுவிட்டது. அதற்கடுத்த வீடு. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது சபுராவுக்குத் தெரிந்தது. அதில் எந்த வீட்டில் யாருக்கு மூச்சு முட்டுகிறதோ என்று நினைத்த பிறகு உட்கார முடியவில்லை. முகத்தை நன்றாகக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

பேச்சிராஜா அவள் குரலுக்குத் திறந்தான். அப்பா காலத்து வியாபாரத்தை இப்போது அவன் நடத்திக்கொண்டிருந்தான். சைக்கிளில் வைத்து விற்கப்போகிற அலுமினியக் குண்டான்கள் வேலையில்லாமல் சுவரோரம் கவிழ்ந்து கிடந்தன. வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை என்றான். சொல்லி முடிப்பதற்குள் மேலே பரணிலிருந்து இருமல் கேட்டது. அடக்கி அடக்கிப் பார்த்து, அடக்க முடியாமல் வெடித்த இருமல்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “கூட்டிட்டுப் போனா பொணத்தக்கூடக் காட்ட மாட்டாவளாம் டீச்சர். அவ செத்தாலும் இங்கன எங்கண்ணு முன்னால சாவட்டும்.”

“ஒண்ணும் ஆகாது” என்றாள் சபுரா. “நான் பொறுப்பு.”

என்ன தெரிந்து அப்படிச் சொன்னாள்? ஒன்றும் தெரியாது. ஆனால் அவன் அதைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்து, “முத்துமாரி, எறங்கு. டீச்சர் வந்துருக்காவ” என்றான்.

அவன் மனைவி முத்துமாரி ஏணியில் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று இறங்கினாள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டுகிற கருவியைப் பார்த்த நுஸ்ரத்தின் கண்கள் மாறியதை, அந்த முகமூடிக்கு மேலேயும் சபுரா கவனித்தாள். ஆம்புலன்ஸ் சந்துக்குள் வராது. ரோடுவரை நடக்க வேண்டும்.

பேச்சிராஜாவின் எதிர்வீட்டுத் தையல்காரர் வானமாமலை ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவரே கதவைத் திறந்து வெளியே வந்தார். ரெண்டு நாளாக உடம்பு கணகணவென்று இருக்கிறது, டீச்சரே வந்திருக்கும்போது நானும் போய்க் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். மனைவி செண்பகவல்லி அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள். அவர் சிரித்துக்கொண்டே விடுவித்துக்கொண்டு, முத்துமாரிக்குத் துணை ஆச்சு என்று செருப்பை மாட்டினார்.

இரண்டு பேரையும் முதலில் கொண்டுபோனது சபுரா வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு. அதைத்தான் தனிமைப்படுத்துகிற இடமாக மாற்றியிருந்தார்கள். அந்தமட்டில் அவளுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. மறுநாளே அதுவும் போயிற்று. இரண்டு பேரையும் வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தது. எங்கே என்று சொல்ல ஆள் இல்லை. முத்துமாரியின் போன் அணைந்து கிடந்தது.

பேச்சிராஜாவையும் செண்பகவல்லியையும் பரிசோதித்துவிட்டு, நோயில்லை, வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் பேச்சிராஜா தினமும் காலையில் வந்து சபுராவின் வாசலுக்கு எதிரே, தள்ளி நின்றான். ஒரு வார்த்தை பேசமாட்டான். திட்டமாட்டான். கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போய்விடுவான். ஜன்னல் துணியை விலக்காமல், அதன் ஓரத்து இடுக்கு வழியாகத்தான் அவன் நிற்கிறானா என்று பார்ப்பாள். கம்போடு நின்றவர்களைக் கண்டுகூட அவள் இப்படிப் பயந்ததில்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் பள்ளிக்கூடத்துக்கே போனாள். கேட்டில் நின்ற காவலாளி அவளை உள்ளே விடவில்லை. இங்கே எத்தனையோ வருஷம் வேலை பார்த்தவள் என்று சொல்லிப் பார்த்தாள். போய்விடுங்கள் அம்மா, உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று அவன் கும்பிட்டான்.

முதலில் வந்தது வானமாமலையைப் பற்றிய செய்தி. ஆஸ்பத்திரியிலிருந்து செண்பகவல்லிக்குப் போன் வந்தது. மூச்சுத்திணறல் திடீரென்று கூடிவிட்டதாம். உடம்பை அவர்களே தகனம் செய்துவிட்டார்களாம். பேச்சிராஜா சொன்னது அப்படியே நடந்தது, வேறொருவருக்கு நடந்தது. சபுரா செண்பகவல்லியின் வாசல்வரை போனாள். கதவு சாத்தியிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கதவைத் தட்டாமல் திரும்பினாள்.

அதற்கப்புறம் சில நாளில் முத்துமாரி வந்துவிட்டாள். பெரிய மைதானத்தில் கூடாரம் போட்ட ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்களாம். சார்ஜர் இல்லாமல் போன் செத்துவிட்டது, புருஷன் நம்பர் மனப்பாடம் இல்லை. பாதி உடம்பாக இளைத்துப்போய்ச் சந்தில் நடந்துவந்தவள், சபுராவின் வாசலில் நின்றாள்.

“ஒங்கள வையாத நாளு இல்ல டீச்சர்” என்றாள். “மூக்குல குழாய வச்சுக்கிட்டே வஞ்சேன்.”

“நல்லா வையி” என்றாள் சபுரா. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வெகுநேரம் அழுதாள்.

நுஸ்ரத்தோடு போவதை அவள் நிறுத்தவில்லை. தினமும் புறப்படும்முன் குமட்டும். சில நாள் வாந்தியே வந்துவிடும். வாயைக் கொப்பளித்துவிட்டுப் போவாள். ஆனால் ஒன்றும் ஆகாது என்ற வார்த்தையை அதன்பிறகு யாரிடமும் அவள் சொன்னதில்லை. ஆக்சிஜன் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், போனுக்குச் சார்ஜரை எடுத்துக்கொள் என்று தெரிந்ததை மட்டும் சொன்னாள்.

மறுவருஷம் தடுப்பூசி வந்தபோது சந்தில் பாதிப்பேர் போட்டுக்கொள்ள மறுத்தார்கள். செண்பகவல்லியும் மறுத்தாள். அவளுக்கு ஆஸ்துமா, விட்டுவிட முடியாது என்றாள் நுஸ்ரத். சபுரா ஏதேதோ சாக்குச் சொல்லி ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தாள். ஒருநாள் சாயந்திரம் சாக்கு தீர்ந்துபோயிற்று. தட்டினாள்.

செண்பகவல்லி திறந்தாள். ஒரு வருஷத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது. எதற்கு வந்திருக்கிறாள் என்று கேட்கவில்லை. “அவுகளயும் நீங்கதான டீச்சர் கூட்டிட்டுப் போனீய” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

“ஆமா” என்றாள் சபுரா. “நான்தான்.”

“இதப் போட்டா எனக்கு ஏதும் வராதுன்னு சொல்லுதீயளா?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது செண்பகம். எனக்கும் பயமாத்தான் இருக்கு. நான் இன்னும் போட்டுக்கிடல. ரெண்டு பேருமாப் போவோமா?”

செண்பகவல்லி வெகுநேரம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யோசித்துச் சொல்லுகிறேன் என்று கதவைச் சாத்தினாள். மறுநாள் காலையில் சந்துமுனையில் அவள் பையோடு நிற்பதைப் பார்த்துச் சபுரா ஓட்டமும் நடையுமாகப் போனாள். வரிசையில் ஒருவர்பின் ஒருவராக நின்றார்கள். ஊசி குத்தும்போது மட்டும் சபுரா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அன்று சாயந்திரம் செண்பகவல்லிக்குக் காய்ச்சல் கண்டது. இப்படி வருவது சகஜம்தான் என்று நுஸ்ரத் போனில் சொன்னாள். சபுராவுக்கு அது காதில் ஏறவில்லை. தனக்கும் உடம்பு அனலாகக் கொதிப்பதை மறந்து, எதிர்ச்சந்துக்குப் போய், செண்பகவல்லியின் வாசலில் கவிழ்த்திருந்த ஒரு டப்பாவின்மேல் உட்கார்ந்தாள். உள்ளே புரண்டு படுக்கும் சத்தத்துக்கெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். மூச்சு சீராக வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

கொஞ்சநேரம் கழித்துக் கதவு திறந்தது. செண்பகவல்லி போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“இன்னும் போகலயா?”

“இல்ல.”

“ஒங்களுக்கும் நடுங்குதே டீச்சர்” என்றாள் செண்பகவல்லி. “உள்ள வந்து படுங்க. பாய் விரிக்கேன்.”